உடலில் தங்கிய இரும்பும் ஸ்கான் அறையின் காந்தமும்: காந்தவியலின் அடிப்படைகள்

எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கச் செல்பவரிடம் முதலில் ஒரு படிவத்தைத் தருவார்கள். உடலில் உலோகத் துண்டு ஏதாவது உள்ளதா, இதயத்துக்குக் கருவி பொருத்தப்பட்டுள்ளதா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். உலகின் பெரும்பாலான நோயாளிகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வரிசையாகப் புள்ளடி இட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வன்னியிலோ, யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பின் படுவான்கரையிலோ போரைக் கடந்து வந்த ஒருவருக்கு அது அவ்வளவு இலகுவான படிவம் அல்ல. எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்ட எறிகணைச் சிதறல் ஒன்று அவரது முதுகில் இருக்கலாம். இருப்பதே தெரியாத சிறு துண்டொன்று தோளில் இருக்கலாம்.

2009 இல் இருபது, முப்பது வயதில் காயப்பட்டவர்கள் இன்று முழங்கால் நோவு, முள்ளந்தண்டு நோவு, தலைச்சுற்று என்று ஸ்கான் எடுக்கும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தப் படிவத்தில் உண்மையை எழுதுவதில்லை. பழைய காயத்தைச் சொன்னால் எங்கே, எப்போது, யாரோடு நின்றபோது பட்டது என்ற கேள்விகள் பின்னால் வரும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் படிவத்தில் உள்ள கேள்வி பொலிஸாருடையதல்ல, காந்தத்தினுடையது. அது ஏன் கேட்கப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பாடசாலையில் படிக்கும் காந்தவியலே போதும். அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டிய வயதைப் பதுங்குகுழிக்குள் கழித்த தலைமுறையும் எம்மிடம் உண்டு என்பதால், ஆரம்பத்தில் இருந்தே தொடங்குவோம்.

காந்தம் எதை இழுக்கும், எதை இழுக்காது

உலோகம் என்றாலே காந்தம் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம், தங்கம், வெள்ளி ஆகிய எதையும் காந்தம் நாம் உணரும் அளவுக்கு இழுப்பதில்லை. அன்றாட வாழ்வில் காந்தத்தால் பலமாக இழுக்கப்படுபவை இரும்பு, நிக்கல், கோபால்ட் என்ற மூன்றும் அவற்றைக் கொண்ட சில கலப்புலோகங்களும்தான். உருக்கு என்பது இரும்பின் கலப்புலோகம். எனவே சாதாரண உருக்கையும் காந்தம் இழுக்கும்.

ஏன் இந்த மூன்று மட்டும்? ஒவ்வோர் அணுவிலும் உள்ள இலத்திரன்கள் மிகச் சிறிய காந்தங்கள் போல் நடந்துகொள்கின்றன. பெரும்பாலான பொருட்களில் அவை சோடி சோடியாக எதிர்த்திசையில் நின்று ஒன்றின் விளைவை மற்றொன்று இல்லாமல் செய்துவிடுகின்றன. இரும்பில் சோடி சேராத இலத்திரன்கள் எஞ்சுகின்றன. அது மட்டுமல்லாமல் அயல் அணுக்களும் ஒரே திசையில் திரும்பி நிற்க முனைகின்றன. இப்படி ஒரே திசையில் திரும்பிய அணுக்களின் கூட்டங்கள் ஓர் ஆணிக்குள் ஏராளமாக இருக்கும். சாதாரண ஆணியில் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்பதால் ஆணி காந்தமாகத் தெரிவதில்லை. காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனால் கூட்டங்கள் அதன் பக்கம் திரும்புகின்றன. ஆணியே தற்காலிகக் காந்தமாகி இழுபட்டு வருகிறது. காந்தத்தின் வடமுனையைக் காட்டினாலும் தென்முனையைக் காட்டினாலும் ஆணி இழுபடுமே தவிர, ஒருபோதும் தள்ளப்படுவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

மென்னிரும்பில் காந்தத்தை எடுத்தவுடன் அந்தக் கூட்டங்கள் மீண்டும் குழம்பிவிடும். கடினமான உருக்கில் ஓரளவுக்கு அப்படியே நின்றுவிடும். நிலைக்காந்தம் செய்வது அதனால்தான்.

இதில் எமக்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது. துருப்பிடிக்காத உருக்கில் சில வகைகளின் பளிங்கு அமைப்பு வேறு. அவற்றில் பெரும்பகுதி இரும்பாக இருந்தும் காந்தம் அவற்றை இழுப்பதில்லை. வீட்டில் உள்ள கரண்டிகளில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் சில ஒட்டும், சில ஒட்டாது. உடைந்த எலும்பைப் பொருத்தச் சத்திரசிகிச்சையில் வைக்கும் பிளேட்டுகளும் ஸ்குரூக்களும் பெரும்பாலும் இந்த ஒட்டாத வகை உருக்காலோ டைற்றேனியத்தாலோ செய்யப்படுகின்றன. ஆகவே ஒரே காலுக்குள் வைத்தியர் வைத்த பிளேட்டும், அந்தக் காலை உடைத்த ஷெல் துண்டும் இருந்தால், காந்தத்தின் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு பொருட்கள்.

எறிகணைகளினதும் குண்டுகளினதும் வெளிக்கூடுகள் பொதுவாக உருக்கு அல்லது வார்ப்பிரும்பு. கிளைமோரில் இருந்து பறப்பவை பெரும்பாலும் உருக்குக் குண்டுமணிகள். துப்பாக்கிச் சன்னம் என்றால் உள்ளே ஈயம், வெளியே செப்புக் கலப்பு என்று நினைப்போம். ஆனால் எமது நிலத்தில் அதிகம் பாவிக்கப்பட்ட ரி-56 துப்பாக்கிக்கான சன்னங்களில் பலவற்றின் நடுவே உருக்கு இருக்கும். வெளியே பார்த்து எதையும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே படத்திலும் இரும்பும் ஈயமும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். துண்டு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும், அது எந்த உலோகம் என்பதைச் சொல்லாது.

தோலுக்கு மேலே காந்தம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆழத்தில் உள்ள சிறு துண்டை வீட்டுக் காந்தம் இழுப்பது தெரியவராது. தெரியவில்லை என்பதால் இரும்பு இல்லை என்றும் ஆகாது. கண்ணுக்கு அருகில் அப்படிச் சோதிப்பது ஆபத்து. அந்த வேலை வேண்டாம்.

கம்பியில் ஓடும் காந்தம்

1820 வரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றே உலகம் நினைத்திருந்தது. அந்த ஆண்டில் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட், மின் ஓடும் கம்பிக்கு அருகில் இருந்த திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மின்காந்தவியலின் முதல் விதி இதுதான்.

ஒரு கம்பியைச் சுற்றி உண்டாகும் புலம் மெல்லியது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் ஒன்றோடொன்று கூடும். சுருளுக்குள் மென்னிரும்பை வைத்தால் இரும்பின் அணுக்கூட்டங்களும் திரும்பி நின்று பலத்தைப் பல மடங்காக்கும். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டேர்ஜன் 1820களின் நடுப்பகுதியில் இப்படி முதல் மின்காந்தத்தைச் செய்தார். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள இரும்பு 4 கிலோகிராமைத் தூக்கியது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கு மேல் பட்டு நூல் சுற்றிக் காவலிட்டார். இதனால் சுற்றுகளை நெருக்கமாக, பல அடுக்குகளாகச் சுற்ற முடிந்தது. 1831 இல் அவர் செய்த மின்காந்தம் 900 கிலோகிராமுக்கும் மேல் தூக்கியது.

பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புவோர், மூன்று அங்குல இரும்பாணி ஒன்றில் காவலிட்ட செம்புக் கம்பியை ஐம்பது சுற்று சுற்றி, இரு முனைகளையும் ரோர்ச் பற்றரி ஒன்றில் தொடுக்கலாம். குண்டூசிகள் ஒட்டும். பற்றரியை எடுத்தால் விழும். கம்பி விரைவாகச் சூடாகும் என்பதால் சில வினாடிகளுக்கு மேல் தொடுத்து வைக்கக் கூடாது. சுவரில் உள்ள மின்சாரத்தோடு இந்த விளையாட்டு ஒருபோதும் வேண்டாம்.

நிலைக்காந்தத்துக்கு இல்லாத இரண்டு குணங்கள் மின்காந்தத்துக்கு உண்டு. அதை நிறுத்தலாம். மின்னோட்டத்தையும் சுற்றுகளையும் கூட்டி அதன் பலத்தை ஏற்றலாம். பழைய இரும்புத் தளங்களில் பாரந்தூக்கிகள் வாகனங்களைக் காந்தத்தால் தூக்கிக் கீழே விடுவது முதல் குணத்தால். ஸ்கான் இயந்திரம் இரண்டாவது குணத்தின் உச்சம். அங்கே போவதற்கு முன் இன்னொரு விதியைப் பார்க்க வேண்டும். அந்த விதியை எமது மக்களில் ஒரு தலைமுறை தன் கால்களாலேயே படித்தது.

சைக்கிள் டைனமோவின் காலம்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதானது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி வைத்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். ரோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ஆனால் வானொலி கேட்காமல் இருக்க முடியாது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்குமா என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தன. எனவே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் அழுத்தி, அதன் வயரை வானொலியில் கொடுத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டார்கள்.

அந்த டைனமோவுக்குள் இருந்தது ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் மட்டும். மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்கும் என்றால், காந்தம் மின்னோட்டத்தை உண்டாக்காதா என்று மைக்கல் பரடே தேடினார். 1831 இல் விடை கிடைத்தது. காந்தம் சும்மா இருந்தால் எதுவும் நடக்காது. காந்தப் புலம் மாறிக்கொண்டிருக்க வேண்டும். காந்தம் அசையும்போதும் சுழலும்போதும் அருகில் உள்ள சுருளில் மின் தூண்டப்படும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாகத் தூண்டப்படும்.

மிதிப்பவர் களைத்துப்போனால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து போனது இதனால்தான். வேகமாக மிதித்தால் மின்னழுத்தம் கூடி வானொலி பழுதாகவும் வாய்ப்பு இருந்தது. டைனமோவில் காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடப்பதால் வருவது ஆடலோட்டம். வானொலிக்குத் தேவை நேரோட்டம். இடையில் மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் இருவாயிகளைப் பொருத்த வேண்டும். பழுதான வானொலிப் பெட்டிகளில் இருந்து கழற்றிய இருவாயிகளைக் கொண்டு இதைச் செய்துகொடுத்த ரேடியோ திருத்துநர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இரவில் டைனமோ விளக்கைப் போட்டு ஓடியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். விளக்கு எரியும்போது மிதிப்பது பாரமாக இருக்கும். சுருளில் தூண்டப்பட்ட மின்னோட்டம் தானும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, சுழலும் காந்தத்தை எதிர்த்து நிற்பதே அந்தப் பாரம். மின் சும்மா வருவதில்லை. இலக்சபானவில் விழும் நீர் கொடுப்பதை இங்கே கால்கள் கொடுத்தன. பெரிய மின் நிலையங்களில் உள்ளதும் இதே காந்தமும் சுருளும்தான், அளவு மட்டும் வேறு.

உடலில் சன்னம் தேடிய கருவி

மாறும் காந்தப் புலம் கம்பிச்சுருளில் மட்டுமல்ல, எந்த உலோகத் துண்டிலும் மின்னோட்டத்தைத் தூண்டும். துண்டுக்குள் அந்த மின் நீர்ச்சுழி போல் வட்டமாக ஓடும். ஓடும் மின் தனக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை வெளியே விடும். அந்தச் சிறு புலத்தை இன்னொரு சுருளால் கேட்க முடிந்தால், கண்ணுக்குத் தெரியாத உலோகம் எங்கே இருக்கிறது என்று அறியலாம். உலோகம் இரும்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னைக் கடத்தினால் போதும்.

இந்த யோசனை மனிதர் ஒருவரின் உடலில் சன்னம் தேடுவதற்குப் பாவிக்கப்பட்ட கதை பிரபலமானது. 1881 யூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைச் செய்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், சுருள்களும் தொலைபேசிக் கேட்பானும் கொண்ட கருவி ஒன்றைச் செய்து, ஜனாதிபதியின் உடலுக்கு மேல் நகர்த்தி ஒலி மாறுகிறதா என்று கேட்டார். கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின. வைத்தியர்கள் சன்னம் வலது பக்கத்தில் இருப்பதாக நம்பி அங்கேயே தேடவிட்டார்கள். அது இருந்ததோ இடது பக்கம். கார்ஃபீல்ட் செப்ரெம்பரில் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் பொறியியலாளர் யோசெப் கொசாட்ஸ்கி இதே அடிப்படையில் கையில் கொண்டு செல்லும் மிதிவெடி தேடும் கருவியை உருவாக்க, அது 1942 இல் எல் அலமைன் சமரில் பாவிக்கப்பட்டது.

அந்தக் கருவியின் வாரிசுகளைத்தான் இன்று முகமாலையிலும் வன்னியின் பிற இடங்களிலும் மிதிவெடி அகற்றும் பெண்களும் ஆண்களும் கையில் பிடித்திருக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் வேலை செய்யும் பலர் அதே ஊர்களைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் அவர்களில் கணிசமானோர். வேலை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, எமது காணி ஏன் இன்னும் விடப்படவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது. அதற்கான காரணங்களில் ஒரு பகுதி காந்தவியலில் இருக்கிறது.

பாகிஸ்தான் தயாரிப்பான பி4 போன்ற மிதிவெடிகளின் உடல் பிளாஸ்ரிக். விடுதலைப் புலிகள் செய்த ஜொனி வகை மரப்பெட்டிக்குள் இருந்தது. இவற்றில் உலோகம் என்று இருப்பது வெடிப்பியை இயக்கும் சிறு பாகங்கள் மட்டுமே. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கருவியின் உணர்திறனைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒவ்வோர் ஆணிக்கும், வெற்றுத் தோட்டாவுக்கும், ஷெல் துண்டுக்கும் கருவி கத்தும். பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த முகமாலையில் ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை துண்டுகள் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எது மிதிவெடி, எது ஆணி என்று கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்றே எடுத்து மெதுவாகக் கிண்ட வேண்டும். உலோகம் மிதமிஞ்சிய இடங்களில் கருவியை விட்டுவிட்டு வாருகோலால் மண்ணை அடுக்கு அடுக்காக வாரி எடுக்கிறார்கள். சிவந்த மண் இன்னொரு தொல்லை. அதற்கு நிறம் கொடுப்பதே இரும்பு ஒக்சைட்டுகள். அவற்றில் சில காந்தத் தன்மை உடையவை என்பதால் மண்ணே கருவிக்குப் பதில் சொல்லும். வேலை தொடங்குமுன் கருவியை அந்த இடத்து மண்ணுக்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.

பழைய இரும்பு பொறுக்குபவர்கள் காந்தத்தை வைத்துப் பார்ப்பதுண்டு. வெடிபொருட்களின் பாகங்கள் பித்தளையாகவும் அலுமினியமாகவும் பிளாஸ்ரிக்காகவும் இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பது வெடிக்காது என்பதற்கான அடையாளம் அல்ல. சந்தேகமான பொருளைத் தொடாமல், அதன் அருகில் குப்பை எரிக்காமல், கிராம சேவையாளருக்கோ மிதிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ அறிவிப்பதே செய்யக்கூடியது.

நிறுத்த முடியாத காந்தம்

இனி ஸ்கான் அறைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் புவியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. வைத்தியசாலைகளில் சாதாரணமாக உள்ள எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் புலம் 1.5 டெஸ்லா. அதாவது முப்பத்தையாயிரம் மடங்குக்கும் அதிகம். 3 டெஸ்லா இயந்திரங்களும் உண்டு.

இவ்வளவு பலத்தைச் சாதாரண செம்புக் கம்பியால் தொடர்ந்து தருவது சிரமம், சூட்டைத் தாங்காது. எனவே நையோபியம் டைற்றேனியக் கலப்பில் செய்த கம்பியைத் திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை இல்லை. ஒரு தடவை ஓடவிட்ட மின் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆணியில் செய்த மின்காந்தத்தைப் போல ஆளியை அழுத்தி இதை நிறுத்த முடியாது. இரவில், ஸ்கான் எதுவும் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் முழுப் பலத்தோடு நிற்கிறது. படிவத்தைக் கதவுக்கு வெளியே வைத்து நிரப்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விடயம். இரும்பை இழுக்கும் விசை, புலம் எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் தங்கியிருப்பதில்லை. சிறிய தூரத்துக்குள் புலம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதிலும் தங்கியுள்ளது. இயந்திரத்தின் வாயருகே அது மிக விரைவாகக் கூடும். அறைக்குள் இரண்டு அடி வைக்கும்வரை எதுவும் தெரியாது. அடுத்த அடியில் கையில் இருந்த பொருள் பறந்துவிடும். 2001 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஸ்கானில் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட உருக்கு ஒக்சிஜன் சிலிண்டர் இழுபட்டு மோதியதில் இறந்தான். உருக்குப் பாகங்கள் உள்ள செயற்கைக் கால், ஊன்றுகோல், சாதாரண சக்கர நாற்காலி எல்லாவற்றையும் வெளியே விட்டுத்தான் போக வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அறைக்குள் பாவிக்கக்கூடிய உலோகமற்ற நாற்காலி இருக்கிறதா என்று கேட்கலாம்.

உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை இந்தக் காந்தம் இழுக்கும். நீளமான துண்டு என்றால் புலத்தின் திசைக்குத் திருப்பவும் முயலும். தசைக்குள் பல ஆண்டுகளாக இருக்கும் துண்டைச் சுற்றித் தழும்பு இழையம் வளர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படியானவர்கள் பலர் பாதுகாப்பாக ஸ்கான் எடுத்திருக்கிறார்கள். சிலருக்குச் சிறு இழுவையோ சூடோ தெரியலாம். துண்டைச் சுற்றிப் படம் கறுப்பாகக் கெட்டுப்போகும், அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டு வடத்துக்கு அருகில், பெரிய இரத்தக் குழாய் ஒன்றின் பக்கத்தில் இருக்கும் துண்டின் கதை வேறு. அங்கே ஒரு மில்லிமீற்றர் அசைவும் பாரதூரமானது. கண்ணில் இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் ஸ்கான் எடுத்த உலோகத் தொழிலாளி ஒருவருக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை போனதாக 1986 இல் மருத்துவ இதழொன்றில் பதிவானது.

ஆகவே உடலில் துண்டு உள்ளவர் எம்.ஆர்.ஐ எடுக்கவே கூடாது என்பது தவறு. சொல்லாமல் எடுக்கலாம் என்பது அதைவிடப் பெரிய தவறு. முடிவெடுக்க வேண்டியவர் கதிரியல் வைத்திய நிபுணர். அவருக்குத் தேவையானவை மூன்று தகவல்கள்: துண்டு உடலில் எங்கே இருக்கிறது, என்ன வகைக் காயம், எத்தனை ஆண்டுகள் ஆயிற்று. 'ஷெல் பட்டது, இடது தோள், 2009' என்பது போதும். எந்த இடத்தில், எந்த நிலையில், யாரோடு இருந்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காந்தம் அதைக் கேட்பதில்லை. 'தெரியாது, ஆனால் ஷெல்லடிக்குள் இருந்தேன்' என்பதும் செல்லுபடியாகும் பதில்தான். அப்படிச் சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். துண்டு ஆபத்தான இடத்தில் இருந்தால் சி.ரி ஸ்கான் போன்ற வேறு வழியை வைத்தியர் பார்ப்பார். எக்ஸ்ரே, சி.ரி, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றில் காந்தம் இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் மொழிபெயர்ப்பாளர் ஊடாகப் பேசுபவர்கள் 'ஷ்ரப்னல்' என்ற ஒரு சொல்லை நினைவில் வைத்திருந்தால் போதும், அங்குள்ள ஊழியர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது என்பதையும் மறந்துவிடுகிறோம். சிறு பிள்ளைக்கு ஸ்கான் எடுக்கும்போது தாயோ தகப்பனோ உடன் நிற்க அனுமதிப்பார்கள். அறைக்குள் கால் வைக்கும் எல்லோருக்கும் காந்தம் ஒன்றுதான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தாயின் கழுத்தில் துண்டு இருக்கிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சத்தம்

எமது உடலின் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஐதரசன் அணுக்கருக்கள் சிறு காந்தங்கள். பெரிய காந்தம் அவற்றை வரிசைப்படுத்த, இயந்திரம் வானொலி அலையை அனுப்பி அவற்றைத் தட்டிவிடுகிறது. அவை மீண்டும் தம் நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய வானொலி அலையைத் திருப்பி விடுகின்றன. அதை ஒரு சுருள் பிடிக்க, கணினி படமாக்குகிறது. எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.

எந்த இடத்தில் இருந்து அலை வருகிறது என்று அறிய வேறு சில சுருள்களில் மின்னை விரைவாகப் போட்டு நிறுத்துவார்கள். பெரிய காந்தத்துக்குள் இருக்கும் அந்தச் சுருள்கள் ஒவ்வொரு தடவையும் அதிர்ந்து அடிக்கும். ஒலிபெருக்கியில் சத்தம் வருவதும் இப்படித்தான். ஆனால் இங்கே அது காதடைக்கும் தட்டலாக, தொடர்ச்சியான வெடியோசை போல் வரும். ஒடுங்கிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்து அதைக் கேட்பது, பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்குச் சாதாரண விடயமல்ல. நெஞ்சு அடிப்பதும் எழும்பி ஓட வேண்டும் போல் இருப்பதும் கோழைத்தனம் அல்ல. அப்படியான அனுபவம் உள்ளவர் என்று முன்கூட்டியே தொழில்நுட்பவியலாளரிடம் சொல்லலாம். காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் அழைப்புப் பொத்தான் ஒன்று தருவார்கள், அதை அழுத்தினால் இடையில் நிறுத்துவார்கள். எத்தனை நிமிடம் எடுக்கும், ஒவ்வொரு தொகுதிச் சத்தமும் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்வது சிலருக்கு உதவும். தேவைப்பட்டால் மயக்கம் தரும் மருந்தோடு எடுக்கவும் வழி உண்டு. ஆனால் அதைத் திகதி குறிக்கும்போதே கேட்க வேண்டும்.

இடப்பெயர்வுகளில் பழைய கிளினிக் கொப்பிகளும் எக்ஸ்ரே படங்களும் தொலைந்துபோனவர்களே அதிகம். புதிதாக எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் படத்தையும், துண்டு எங்கே உள்ளது என்று வைத்தியர் எழுதிய குறிப்பையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். மயக்கமான நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் ஒருவரால் படிவத்தை நிரப்ப முடியாது. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்.